பேரைச் சொல்லாத அக்கா

அக்காவுக்கு மெல்லப் பேச வராது. மீன்காரனோடு விலை பேசும்போது என்ன குரலோ, செத்த வீட்டில் ஆறுதல் சொல்லும்போதும் அதே குரல்தான். மாதா கோயிலில் பூசைக்கு நடுவில் பக்கத்திலிருப்பவரிடம் அவர் ஏதாவது கேட்டால் பீடத்தில் நிற்கும் சுவாமியாருக்கும் கேட்கும். "காது கேளாதவ போல" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். காது நன்றாகவே கேட்கும். குரலைத் தாழ்த்துவதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் அவருக்கு எதிலும் தென்படவில்லை, அவ்வளவுதான்.

கல்லடியிலும் நாவற்குடாவிலும் கலியாணப் பொம்பிளைகளை வெளிக்கிடுத்துவது அவருடைய தொழில். சேலை உடுத்துவது, கொண்டை கட்டுவது, முகத்துக்குப் பூசுவது எல்லாம் அவர் ஒருவரே. கட்டையான, தோள் அகன்ற பெண். சிவப்பு ஸ்கூட்டியின் முன்னால் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து வருவார். வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலை, அறையின் யன்னல்களைத் திறப்பது. "வெளிச்சம் இல்லாம எப்பிடிப் பூசிற? மறுகா கோயில்ல போய் நிக்கக்குள்ள பொம்பிளை பேய் மாதிரி இரிப்பா."

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

என்னை வெளிக்கிடுத்தியவரும் அவர்தான். சண்டை நடந்த ஊரடங்குக் காலம். பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரம். புளியந்தீவில் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்குள் அம்மாவும் மாமிமாரும் ஒவ்வொருவராக வந்து என் காதுக்குள் எதையோ சொல்லிவிட்டுப் போனார்கள். கொண்டை கட்டிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, ஆளாளுக்கு வந்து ஓதிற்றுப் போறீங்க? எனக்கும் சொல்லுங்களன்."

"அது பொம்பிளைக்குச் சொல்லுற விசயம்" என்றார் பெரிய மாமி.

"நான் என்ன ஆம்பிளையா?"

மாமி வேறு வழியில்லாமல் சொன்னார். மாப்பிள்ளைக்குப் பால் கொடுத்தால் வலது கையால் கொடுக்க வேண்டும். கிழக்கே கால் நீட்டிப் படுக்கக் கூடாது. அக்கா சிரித்த சிரிப்பில் என் கொண்டை சரிந்து, திரும்பவும் முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

"இதுக்கா இந்தக் குசுகுசுப்பு? நான் என்னவோ எண்டு பயந்திட்டன். சொல்ல வேண்டியத ஒருத்தரும் சொல்லல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, அதே குரலில், "கிளி, பிள்ளை உடனே வேணுமா, கொஞ்சம் பொறுத்தா? ரெண்டு பேரும் இரத்தம் கிரத்தம் பாத்த நீங்களா? ஆம்பிளைக்கு ஏதும் நோய் வருத்தம் இருந்தா உனக்கு வரும். வந்தாப்புறம் அழுது வேலையில்ல, முதலே கேட்டிரோணும்" என்றார்.

அம்மா கதவைச் சாத்தினார். அக்கா அதைத் திரும்பத் திறந்துவிட்டார். அறை வெக்கையாக இருக்கிறதாம்.

இப்படிப் பேசுகிறவர் ஊர்க்கதைகளையும் வீதியெல்லாம் கொட்டித் திரிவார் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை நாவற்குடாவில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது கலியாணம். முதல் கணவர் வெளிநாட்டிலிருந்து "அந்த வருத்தத்தோடு" வந்து இறந்தவர் என்றும், இவளுக்கும் அது இருக்கிறது என்றும் கதை. வேறு யாரும் போக மறுத்த அந்தப் பெண்ணை அக்காதான் வெளிக்கிடுத்தினார். அடுத்த நாள் சந்தையில் கண்டு, எனக்கும் ஆவல் தாங்காமல், "அக்கா, அது உண்மையாமா?" என்று கேட்டேன்.

"எது?"

"அந்தப் பிள்ளைக்கு..."

"எய்ட்ஸ் எப்பிடி வாற, எப்பிடி வராது எண்டு கேளு. இதில நிண்டு பொழுதுபடும் மட்டும் சொல்லுறன். சேலை உடுத்தினா வராது. கை குடுத்தா வராது. ஒரு கோப்பையில சாப்பிட்டா வராது. பாதுகாப்பு இல்லாமப் படுத்தா வரும், இரத்தம் பட்டு வரும், தாயிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். மருந்து ஒழுங்காக் குடிச்சா அதுவும் வராது. ஆனா ஆருக்கு இரிக்கெண்டு கேட்டியோ, எனக்குக் காது கேளாது மனே."

மரக்கறிக்காரி கத்தரிக்காயை நிறுக்காமல் தராசைப் பிடித்தபடி வாய் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்து, "நீயும் கேட்டுக்க. இதுக்குக் காசில்ல" என்றார்.

எப்போதும் அவர் செய்தது சரி என்றும் சொல்ல முடியாது. பாமசியில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசும். நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் நின்ற பெடியன் எதையோ சுட்டிக்காட்ட, கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துப் பேப்பரில் சுற்றி, அதை ஒரு கறுப்புப் பைக்குள் போட்டு, அந்தப் பையையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அக்காவுக்கு வாய் நிற்கவில்லை.

"ஏன் முதலாளி, கொண்டத்துக்குப் போய் இவ்வளவு சுத்து? அது என்ன களவெடுத்த சாமானா? தம்பி, வெக்கப்படாத. வாங்கிற நீ நல்ல பிள்ளை. வாங்காதவனுக்குத்தான் நான் பயம்."

பெடியன் பையை விட்டுவிட்டுப் போய்விட்டான். சைக்கிளை உதைத்துக்கொண்டு அவன் போன வேகத்தைப் பார்த்து நான் அக்காவிடம் கோபித்தேன். "அவன் இனி எந்தக் கடைக்கும் போகமாட்டான். நீங்க நல்லது செய்யல்ல."

அக்கா ஸ்கூட்டியில் ஏறி, பெடியன் போன திசையில் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "காணல்ல" என்றார். பிறகு, "வருத்தத்தப் பத்திக் கதைச்சிருக்கலாம். அவனப் பத்திக் கதைச்சது பிழை" என்றார். அதையும் அதே சத்தத்தில்தான் சொன்னார்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மகள் ஷெரினுக்கும் நிரோஷனுக்கும் எழுத்து முடிந்திருந்தது. பதிவாளரை வீட்டுக்குக் கூப்பிட்டு எழுத்தை முதலில் வைத்துவிட்டு, கோயில் கலியாணத்தைப் பிறகு ஆறுதலாகச் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். நிரோஷன் வயறிங் வேலை செய்கிற பிள்ளை. கலியாணத்துக்கு முன்னால் கட்டாருக்குப் போய் ஒரு தவணை வேலை செய்துவிட்டு வரலாம் என்று கொழும்பில் மெடிக்கலுக்குப் போனான். அன்பிட், உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஈரலில் ஹெப்படைட்டிஸ் பி என்ற வைரஸ் இருக்கிறதாம்.

அவன் மறைக்கவில்லை. பஸ்ஸால் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என் கணவர் விசயத்தைக் கேட்டுவிட்டு, "ஈரல் வருத்தமா? அப்ப செங்கமாரிதானே. எனக்கும் சின்ன வயசில வந்ததுதான்" என்றார்.

அந்த ஒரு சொல் எங்கள் எல்லோருக்கும் பெரிய ஆறுதலாகப் போய்விட்டது. செங்கமாரி எங்களுக்குத் தெரிந்த வருத்தம். கண் மஞ்சளாகும், கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலில் குடித்தால் இறங்கும், எண்ணெயும் மீனும் ஆகாது, கெட்ட தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றும். வாகரைப் பக்கம் நாட்டு வைத்தியம் செய்கிற ஒரு பரியாரியிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கண்ணைப் பார்த்து, "மஞ்சள் இல்லை, இறங்கிற்று" என்றார். நிரோஷன் அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடித்தான். நானும் என் பங்குக்கு அவனுடைய தேத்தண்ணிப் பேணியையும் சாப்பாட்டுக் கோப்பையையும் வேறாக வைத்து, அவன் போனதும் கொதிதண்ணீரில் அவித்தேன். கோயிலில் திகதியும் எடுத்தோம்.

சட்டைக்கு அளவெடுக்க அக்கா வந்தார். வழக்கம்போல யன்னல்களைத் திறந்தார். அளவெடுத்துவிட்டுக் குசினிக்குள் தண்ணீர் குடிக்க வந்தவர், அடுப்பில் பேணியும் கோப்பையும் கொதிப்பதைக் கண்டார்.

"என்னகா, பேணிய அவிக்கிறாய்? கறி ஒண்டும் இல்லையா?"

நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். செங்கமாரி, மருந்து குடுத்தாச்சு, எதற்கும் ஒரு கவனம். அக்கா, "டொக்டர் என்ன பேர் சொன்னவர்?" என்று கேட்டார். பேரைச் சொன்னதும் அடுப்பை அணைத்தார்.

"இது நீ நினைக்கிற செங்கமாரி இல்ல. அது தண்ணியால வாறது, வந்து போயிரும். இது வேற வைரஸ். கீழ்க்காய்நெல்லிக்குப் போகாது. கோப்பையால, பேணியால வராது. நீ கோப்பைய அவிச்சிற்று, மகளச் சும்மா விட்டிரிக்காய். இது இரத்தத்தால வரும், படுக்கையால வரும். ஷெரின், இஞ்ச வா கிளி."

நான் ஓடிப்போய் யன்னலைச் சாத்தப் பார்த்தேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாத்தாத, காத்து வரட்டும்" என்றார் அக்கா. ஷெரின் வந்து வாசலில் நின்றாள். "எழுத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் சேந்து இருந்த நீங்களா?"

ஒரு தாயின் முன்னால் கேட்கிற கேள்வியா அது? ஆனால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஷெரின் என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"ஓம் அன்ரி."

"பாதுகாப்போட?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

குசினித் தரையில் நான் இருந்துவிட்டேன். என் வாயில் வந்த முதல் கேள்வி, "அவனுக்கு எங்கயிருந்து வந்தது?" என்பதுதான். அவன் எங்கே போனான், யாரோடு போனான், எங்களை ஏமாற்றினானா. எல்லாம் சேர்ந்து கொட்டியது. அக்கா எனக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்தார்.

"எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டா, வைரஸ் வந்த வழியால திரும்பிப் போகுமா? எனக்கும் இரிக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"இதே வருத்தம்தான். கோயில்ல இரத்தம் குடுக்கப் போய்த் தெரிய வந்த. என்ட மனுசனுக்கு இல்ல, பாத்தாச்சு. தடுப்பூசி போட்டதால இண்டைக்கு வரைக்கும் வரல்ல. எனக்குப் பிறக்கக்குள்ளயே வந்திரிக்கலாம், ஊசி கீசியால வந்திரிக்கலாம். தேடித்தேடி ரெண்டு வருசம் மனுசனப் போட்டு வதைச்சன். ஒண்டும் கிடைக்கல்ல. அந்தப் பெடியனையும் அப்பிடி வதைக்காத."

"ஏன் அக்கா இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"பொம்பிளை வெளிக்கிடுத்துற ஆள். சொன்னா ஆரு கூப்பிடுவா? மத்தவங்கட பேரச் சொல்லக் கூடாது. என்ட பேர நான் சொல்லலாம்தானே. ஆனா அதுக்கும் பயந்துதான் இருந்தன்." பக்கத்து முற்றத்தில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அசையாமல் நிற்பது யன்னலால் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. "இனி என்ன, சொல்லியாச்சு. எழும்பு, மிச்சம் எனக்குத் தெரியா. டொக்டரிட்டப் போவம்."

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் ஷெரினின் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் அன்றைக்கே முதல் தடுப்பூசியும் போட்டார்கள். எங்களைப் பார்த்த டொக்டர் சின்ன வயதுப் பெண். கேள்விக்கு மேல் கேள்வி கேட்ட எனக்கு அவர் பொறுமையாகச் சொன்னார். வைரஸ் இரத்தத்திலும் உடலுறவின்போது வெளிவரும் நீர்களிலும் இருக்கும். கட்டிப்பிடித்தால், ஒன்றாகச் சாப்பிட்டால், இருமினால் தொற்றாது. சவரக்கத்தி, பல் தூரிகை, ஊசி இவற்றை மட்டும் ஒருவர் மற்றவருடையதைப் பாவிக்கக் கூடாது. இப்போது பிறக்கிற குழந்தைகளுக்கு இதற்கான ஊசி சின்னதிலேயே போடப்படுகிறது. ஷெரினின் வயதுக்காரருக்கு அப்போது அது கிடைக்கவில்லை. ஊசி மூன்று முறை, ஆறு மாத இடைவெளிக்குள். அது முடிந்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று சோதித்துப் பார்க்கும்வரை ஆணுறை கட்டாயம்.

"நிரோஷன்?" என்று ஷெரின் கேட்டாள்.

"அவர் ஒழுங்காக் கிளினிக் வந்து ஈரலப் பாத்துக்கொண்டாச் சரி. நிறையப் பேர் இதோட நல்லாத்தான் இரிக்கிறாங்க. தேவைப்பட்டா மருந்தும் இரிக்கு. வேற பச்சிலை ஒண்டும் குடுக்க வேண்டாம், ஈரலுக்கு ஆகாததும் அதுக்குள்ள இரிக்கலாம்."

நான் வேறு பக்கம் பார்த்தேன். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, அந்த ஒரு இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நான் வேலை செய்கிற கச்சேரி அலுவலகத்தில் மேசையில் இருந்து கோவையைப் பார்ப்பேன், எழுத்துகள் நகரும். வீட்டுக்கு வந்தால் மகளின் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். அவள் எரிச்சலோடு, "அம்மா, நான் என்ன விளை மீனா, கண்ணப் பாத்து வாங்க?" என்று கேட்டாள். அக்கா பின்னேரங்களில் வந்து ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் போவார். தன் பிள்ளைகளின் கதை, பொம்பிளைகளின் கதை. பேர் மட்டும் ஒன்றுக்கும் இராது.

முடிவு வந்தது. ஷெரினுக்குத் தொற்றவில்லை. உறுதிப்படுத்த மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தார்கள். அப்போதும் இல்லை.

இடையில் ஒருநாள் நிரோஷன் வந்து முற்றத்திலேயே நின்றான். உள்ளே வரவில்லை. ஷெரினைக் கூப்பிட்டு, "உனக்கு என்னோட இரிக்க ஒண்ணாட்டி என்ன விட்டிரு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றான்.

"எழுத்து முடிஞ்சு. இனி விடுறதெண்டா கோட்டுக்குப் போய் வழக்குப் பேசோணும். அதுக்கு ஊசி போடுறது லேசு" என்றாள் ஷெரின். "உள்ள வாங்க. தேத்தண்ணி ஆறுது."

அன்றைக்கு அவனுக்கு வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கிற பேணியில்தான் கொடுத்தேன். அவன் குடித்து முடிக்கும்வரை அந்தப் பேணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கலியாணத் திகதியைத் தள்ளி வைத்தோம். ஊர் கேட்டது. "மூண்டாவது ஊசி முடியட்டும்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். என்ன ஊசி என்று கேட்டவர்களுக்கு என்ன ஊசி என்றும் சொன்னேன். யாருக்கு வருத்தம் என்று கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை. இதை எழுதலாமா என்று பிள்ளைகள் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர்களை அவர்கள்தான் தெரிவு செய்து தந்தார்கள். சொந்தப் பேர்கள் அல்ல. அக்கா தன் வாயால் சொன்ன கதைக்கு அவருடைய பேரைப் போடும் உரிமை அவருக்குத்தான். இப்போது திருகோணமலையில் மகளோடு இருக்கிறார். கேட்டால் போடச் சொல்லுவார், அதுவும் சத்தமாக. ஒருமுறை சொல்லி அவர் பட்டது போதும், அதனால்தான் கேட்கவில்லை.

அன்றைக்கு அந்த யன்னலால் போன கதை அவருக்குச் சும்மா இருக்கவில்லை. அந்த மாதமே கலியாண வீட்டுக்காரர் சிலர், "வேற ஆளப் பேசியாச்சு அக்கா" என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதை எங்களிடம் முறையிடவில்லை. ஸ்கூட்டியின் முன்னால் அந்தப் பெரிய பை இல்லாமல் அவர் போவதைப் பாலத்தில் கண்டுதான் எனக்கு விளங்கியது.

ஷெரினின் கலியாணத்துக்கு யார் என்ற கேள்வி வந்தபோது என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள், வெளிப்படையாகவே சொன்னார். "அவட கையால வேண்டாம் மச்சாள். நல்ல மனுசிதான். எண்டாலும் பின், ஊசி, கத்திரிக்கோல் எல்லாம் பாவிக்கிற வேலை."

ஷெரின், "அவதான்" என்றாள்.

கலியாணத்தன்று காலை அக்கா வந்தார். பிரிக்காத பின் பெட்டிகளை எங்கள் முன்னாலேயே பிரித்தார். வெள்ளைச் சேலையின் கொசுவத்தை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மச்சாள் கட்டிலில் பூவைக் கட்டியபடி அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையாலோ என்னவோ, அக்காவின் விரலில் பின் குத்திவிட்டது. சிவப்பாக ஒரு துளி.

அக்கா சேலையை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

"எனக்குக் குத்திற்று. கிளி, நீ அசையாத. சேலையில படல்ல."

குழாயடியில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவினார். விரலில் பிளாஸ்டர் ஒட்டினார். குத்திய பின்னை ஒரு மூடி போட்ட போத்தலுக்குள் போட்டார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஆனால் திரும்பி வந்து அறை வாசலிலேயே நின்றுவிட்டார். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அவரை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

"வேற ஆரையும் கூப்பிடுவமா?" என்றார் மச்சாள். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஷெரின் ஒரு கையால் அவிழப்போகிற கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள்.

"அன்ரி, என்ட மூண்டு ஊசியும் முடிஞ்சு. இரத்தத்தில எதிர்ப்பு நல்லா இரிக்கெண்டு டொக்டரும் சொல்லிற்றா. அவரிட்ட இருந்தே எனக்கு வராது. உங்களிட்ட இருந்து எப்பிடி வரும்? வாங்க, சேலை விழப்போகுது."

அக்கா உள்ளே வந்து, அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கொசுவத்தைத் திரும்பவும் முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினார். அடுக்கி முடித்து, பிடித்த பிடியை விடாமல், பார்க்காமலே மற்றக் கையைப் பின்னுக்காகப் பக்கத்தில் நீட்டினார். பெட்டி கட்டிலில் இருந்தது.

மச்சாள் மடியிலிருந்த பூவைக் கீழே வைத்தார். பெட்டியிலிருந்து ஒரு பின்னை எடுத்து, திறந்து, அந்தக் கையில் வைத்தார்.